போன பயம் திரும்பி வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வைகைக்கரை:
சின்ன வயதில் கெண்டைக்காலில் கடி வாங்கியதிலிருந்து நாய் என்றாலே எனக்கு ஆகாது. தோழி வீட்டு லாப்ரடாரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன். ஒருநாள் அது ஈர மூக்கை என் புறங்கையில் வைத்து முகர்ந்தது. நான் கையை இழுக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதே விட்டேன். போன வாரம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு கறுப்பு நாய் சும்மா எதிரே வந்தது. கால் நகரவில்லை. இவ்வளவு பழகியும் ஏன் இப்படி?

கரிசல்காடு:
அக்கா, பழகியது வீண் இல்லை. பழைய பயம் மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதியில் அழியாமல் கிடக்கும். "இது ஒன்றும் செய்யாது" என்கிற புதுப் பாடம் அதன்மேல் பிரேக் போடும், அவ்வளவுதான். அந்த பிரேக்கை மிதிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. ஆனால் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். நேரம் கழிந்தாலும் பழையது திரும்பும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் சத்தத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கிய நாய்களுக்கே, சாப்பாடு இல்லாமல் சத்தம் மட்டும் கேட்டுக் கேட்டு எச்சில் ஊறுவது நின்ற பிறகும், கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் மறுபடி ஊறியது. விபத்துக்குப் பின் நான் பைக் ஓட்டிப் பழகியது வெயில் காலத்தில். முதல் மழையில் ஈரச் சாலையைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

கிணத்துமேடு:
இதெல்லாம் எதற்குத் தம்பி? சித்தப்பா என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டார். தண்ணீர் குடித்து, மோட்டார் பைப்பைப் பிடித்து ஏறி வந்தேன். அன்றோடு பயம் போச்சு.

மல்லிகை:
அண்ணா, என்னையும் அப்படித்தான் தள்ளினார்கள். காதெல்லாம் தண்ணீர், மேலே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இன்றுவரை கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்காது. முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924-லேயே எழுதியிருக்கிறார். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே அதைத் தடவினான். யாரும் அவனைத் தள்ளவில்லை.

செவிலி:
ஊசியைக் கண்டு மயங்கி விழுந்தவள் நான். இப்போது ஊசி போடுவதே என் வேலை. வைகைக்கரை, வேறு வேறு வீட்டு நாய்களோடு, வேறு வேறு இடங்களில் பழகுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடாதீர்கள். ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை எடுத்துக்கொள்ளும். தள்ளி நின்று, படபடப்பு இறங்கும்வரை பாருங்கள். அன்றிரவு நன்றாகத் தூங்குங்கள், கற்றது பதியத் தூக்கம் வேண்டும். அப்புறம், தெருநாயைத் தொட வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள்.

கிணத்துமேடு:
மல்லிகை, அந்தச் சிரிப்பு அநியாயம்மா. என் பேத்திக்கு இடுப்பில் கேன் கட்டித்தான் நீச்சல் பழக்குகிறேன். ஆனாலும் சித்தப்பா செய்தது எனக்குப் பலித்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.