கயாலமி 1985 மெக்லாரன்: மார்ல்பரோ ஸ்டிக்கர் ஒட்டலாமா?

சாட்ஸ்வர்த்43:
எஃப்1 (ஃபார்முலா 1) பந்தய வீரர் புரோஸ்ட் ஓட்டிய மெக்லாரன் எம்பி4/2பி காரின் பொம்மை மாடலை 1:43 அளவில் வாங்கினேன். பெட்டியில் 'தென்னாப்பிரிக்கா 1985' என்று போட்டிருக்கிறது. அதே சிவப்பு வெள்ளை, ஆனால் மார்ல்பரோ என்ற சிகரெட் பெயர் எங்குமே இல்லை. புகையிலை விளம்பரச் சட்டத்துக்குப் பயந்து மாடல் செய்தவர்கள் அந்தப் பெயரைப் போடாமல் விட்டிருப்பார்கள். டீக்கால் (ஒட்டும் எழுத்து) ஷீட் தனியாக வாங்கிவிட்டேன், சனிக்கிழமை ஒட்டப் போகிறேன். மேலே வார்னிஷ் அடிக்கலாமா?

லெனேசியா தம்பி:
ஒட்டாதீர்கள் அண்ணா! அந்தக் கார் நம்ம தென்னாப்பிரிக்காவின் கயாலமி பந்தயத் தளத்தில் ஓடியதே அப்படித்தான். அந்த ஜூலையில்தான் இங்கே அவசரநிலை அறிவித்தார்கள். அக்டோபரில் ரேஸ். நிறவெறி ஆட்சியோடு பெயர் சேர்ந்து தெரியக் கூடாது என்று மார்ல்பரோ, பார்க்ளே சிகரெட் கம்பெனிகள் எல்லாம் காரிலிருந்து பெயரை எடுத்துவிட்டன. ரெனோ, லிஜியே அணிகள் வரவே இல்லை. வார்னிஷ் அடித்துவிட்டால் திரும்ப உரிக்கவும் முடியாது.

சாட்ஸ்வர்த்43:
அலமாரியில் மற்ற மெக்லாரன்களுக்கு நடுவே மொட்டையாக நிற்கிறதே! சிகரெட் பெயர் இல்லாமல் நம்ம ஊர் ரேஸுக்கு ஏது வரலாறு? 1968 ஜனவரி 1, கயாலமி. ஜான் லவ்வின் பிரபாம் கன்ஸ்டன் சிகரெட் நிறத்தில் ஓடியது. லோட்டஸ் அணி கோல்ட் லீஃப் சிகரெட் நிறத்துக்கு மாறியது அதற்கு அப்புறம்தான். அன்றைக்கு ஜிம் கிளார்க் ஜெயித்த லோட்டஸ் 49 பச்சையாகத்தான் இருந்தது. அவருடைய 25வது வெற்றி, கடைசி வெற்றியும் அதுவே. கன்ஸ்டன் எழுத்தை எடுத்துவிட்டால் அந்த மாடல் வெறும் ஆரஞ்சு டப்பா.

லெனேசியா தம்பி:
நானும் அதையேதான் சொல்கிறேன். 1968ல் இருந்தது, ஒட்டுங்கள். 1985ல் இல்லை, விடுங்கள்.

மெரிட்ஸ்பர்க் தாத்தா:
எனக்கு உங்கள் இரண்டு பேரோடும் சண்டை. பெயரை எடுத்தார்களாம்! காரை எடுத்தார்களா? பணம் கொடுத்தவன் முகத்தை மூடிக்கொண்டான், வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மான்செல் முதல், ரோஸ்பெர்க் இரண்டு, உங்கள் புரோஸ்ட் மூன்று. சிறுவயதில் ராய் ஹெஸ்கத் பந்தயத் தளத்தில், வெள்ளையர் அல்லாத எங்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் நின்று ரேஸ் பார்த்தவன் நான். இந்த மொட்டை மெக்லாரனைத் தியாகச் சின்னம் மாதிரி வைக்காதே தம்பி. என் அலமாரியில் 1985 கயாலமி வரிசையில் ரெனோவுக்கு ஒரு காலி இடம் விட்டிருக்கிறேன். பேரன் தினமும் அங்கே ஒரு பொம்மை லாரியை நிறுத்துகிறான், அது வேறு கதை.

லெனேசியா தம்பி:
தியாகம் என்று நான் எங்கே சொன்னேன் தாத்தா? வெட்கப்பட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்கமும் காரில் தெரியட்டுமே. அதன்பின் 1992 வரை இங்கே எஃப்1 வரவில்லை. ஒட்டிவிட்டால் அது எந்த ஊரிலும் ஓடிய ஏதோ ஒரு மெக்லாரன்.

மெரிட்ஸ்பர்க் தாத்தா:
வெட்கம் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். பெட்டியைத் தூக்கி எறியாதே, சாட்ஸ்வர்த். தேதி இல்லாவிட்டால் நாளைக்கு உன் பிள்ளை, ஸ்டிக்கர் உரிந்த கார் என்றுதான் நினைப்பான்.

சாட்ஸ்வர்த்43:
சனிக்கிழமை வேலை ரத்து. ஆனாலும் மொட்டை மொட்டைதான், பார்க்க நன்றாக இல்லை. ஷீட் வீணாகக் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

லெனேசியா தம்பி:
எனக்கு அனுப்புங்கள். புரோஸ்ட் ஜெயித்த 1985 மொனாக்கோ கார் வைத்திருக்கிறேன். அதில் நிஜமாகவே சட்டத்துக்குப் பயந்து மார்ல்பரோ எழுத்தைப் போடாமல் விட்டிருக்கிறார்கள்.