போர்ட் சயீதில் ஒரு வெறும் பீடம்

குழு: பெரிய வீடு

தம்பி: போர்ட் சயீது வந்துவிட்டோம். விடியற்காலை கான்வாயில், மற்ற கப்பல்களோடு வரிசையாக, எங்கள் கப்பல் சூயஸ் கால்வாய்க்குள் போகும். இங்கே கடலோரம் ஒரு பெரிய பீடம் இருக்கிறது, மேலே சிலை இல்லை. யாருடையது?

அத்தை: சாப்பிட்டாயாடா?

சித்தப்பா: லெசெப்ஸ் சிலை நின்ற இடம். கால்வாயை வெட்ட வைத்த பிரெஞ்சுக்காரர். எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும் பிரிட்டனும் பிரான்சும் படையோடு வந்தன அல்லவா? அந்தப் படை கிளம்பியதும், 1956 டிசம்பரில், சிலைக்கு வெடி வைத்துவிட்டார்கள்.

அக்கா: பெரிய இன்ஜினியரோ?

சித்தப்பா: இன்ஜினியரே இல்லை! தூதரக அதிகாரி. அப்பாவுக்கும் அதே உத்தியோகம். லிஸ்பன், துனிஸ், அப்புறம் 1832இல் அலெக்சாண்டிரியா. தொற்றுநோய் பயத்தில் இவரைக் கப்பலைவிட்டு இறங்க விடவில்லை. பொழுதுபோக்கப் படித்தது, நெப்போலியனோடு எகிப்துக்குப் போன லெ பேர் என்ற பொறியாளரின் கால்வாய் அறிக்கை. ஆசை அங்கே பிடித்தது.

நான்: குவாரன்டைனில் உருப்படியாக ஏதோ செய்திருக்கிறார். நாம் டல்கோனா காபி அடித்தோம்.

சித்தப்பா: அந்த அறிக்கையிலும் ஒரு தப்பு. செங்கடல் மட்டம் மத்தியதரைக் கடலைவிடச் சுமார் 10 மீட்டர் உயரம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மையில் பெரிய வித்தியாசமே இல்லை. அதனால்தான் சூயஸில் கப்பலை ஏற்றி இறக்கும் லாக் (நீர்க்கதவுத் தொட்டி) கிடையாது.

தம்பி: ஆமாம், நேராகப் போய்க்கொண்டே இருப்போம்.

சித்தப்பா: எகிப்தை ஆண்ட முகமது அலியின் மகன் சயீது. குண்டுப் பையன். அப்பா பட்டினி போடுவாராம். பையன் லெசெப்ஸ் வீட்டுக்கு ஓடி வந்து மக்ரோனி சாப்பிடுவானாம். அப்படி ஒரு கதை உண்டு.

அத்தை: வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடுவதா? புண்ணியவான், சோறு போட்டாரே.

சித்தப்பா: அந்தச் சோறுதான் பின்னால் கால்வாய் ஆனது. 1849இல் பிரெஞ்சு அரசு லெசெப்ஸை ரோமுக்குச் சமரசம் பேச அனுப்பியது. அங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே பாரிஸில் ஆட்சியாளர்கள் மனம் மாறிவிட்டது. பழி இவர் தலையில். வேலையை விட்டு ஊர்ப்பக்கம் பண்ணையில் உட்கார்ந்தார். 1854இல் சயீது பட்டத்துக்கு வந்ததும் நேரே எகிப்து. நவம்பர் 30ஆம் தேதி கால்வாய் வெட்ட அனுமதி கையில்.

அக்கா: சிபாரிசு என்றால் இது!

சித்தப்பா: 1859 முதல் 1869 வரை வேலை. முதல் சில வருடம் மண் சுமந்தவர்கள் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்ட எகிப்திய விவசாயிகள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் சிலை போயிருக்கும் என்பது என் எண்ணம். திறப்பு விழா முடிந்த அதே மாதம் இவருக்கு இரண்டாம் கல்யாணம். வயது 64. அதில் பிறந்தது 12 பிள்ளைகள்.

அத்தை: சின்னண்ணா, குழுவில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

நான்: பனாமா கால்வாயில் கை வைத்தவரும் இவர்தானே?

சித்தப்பா: அங்கேதான் சறுக்கினார். சூயஸ் மணல். பனாமா மலை, மழை, மஞ்சள் காய்ச்சல். இன்ஜினியர்கள் லாக் கட்டச் சொன்னார்கள், இவர் கடல் மட்டத்துக்கே வெட்டுவேன் என்று வருடக்கணக்கில் பிடிவாதம். சுமார் 22,000 பேர் செத்திருப்பார்கள் என்கிறார்கள். 1889இல் கம்பெனி திவால். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள்.

அக்கா: சிட் பண்ட் கதை மாதிரி இருக்கிறதே. இவரைப் பிடித்தார்களா?

சித்தப்பா: 1893இல் ஐந்து வருடத் தண்டனை. வயது 87, சிறைக்குப் போகவில்லை. மகன் சார்லஸ்தான் உள்ளே இருந்தார். மறு வருடம் கிழவர் போய்விட்டார்.

தம்பி: சரி சித்தப்பா, கூப்பிடுகிறார்கள். நாளை செங்கடலில் சிக்னல் இருந்தால் வருகிறேன்.

அத்தை: சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.