ஸ்டார்டியூ வேலி: லியா 8 ஹார்ட்லயே நிக்குது, விண்டருக்குள்ள பெண்டன்ட் வாங்க முடியுமா?

கம்மாய்க்கரை:
வணக்கம். ஸ்டார்டியூ வேலிங்கிற பண்ணை வீடியோ கேம், பிசியில 1.6 பதிப்பு, மோட் எதுவும் இல்ல. கேம்ல முதல் வருஷம், இன்னைக்கு ஃபால் (இலையுதிர் பருவம்) 10ஆம் தேதி. நான் கல்யாணம் பண்ண நினைக்கிற லியாவோட 8 ஹார்ட் (நட்பு அளவு) போன வாரமே நிறைஞ்சிருச்சு. அப்புறம் எவ்வளவு பேசினாலும் ஏறல, கடைசி ரெண்டு ஹார்ட் சாம்பல் நிறத்துலயே நிக்குது. ஏறாததால இந்த வாரம் கிஃப்ட் எதுவும் கொடுக்கல. பொக்கே (காதலைச் சொல்லக் கொடுக்கிற பூங்கொத்து) வேணும்னு பியர்ங்கிறவரோட கடைக்குப் போனா கதவு பூட்டியிருக்கு. ஃபால் 6 மழையில பீச்சுலயும், கல்யாணத்துக்குக் கேட்கக் கொடுக்கிற பெண்டன்டை விக்கிற மாலுமியைக் காணோம். கிழக்குப் பக்கம் பாலம் உடைஞ்சு கிடக்கு.

கையிருப்பு: 6,000 கோல்ட், 180 கட்டை. வீடு பழைய ஒத்தை அறைதான். தோட்டத்துல 30 கிரான்பெரி, 12 பூசணி, எல்லாம் ஃபால் 1ல நட்டது, தண்ணி ஒரு நாளும் தவறல. கோடரியும் பூவாளியும் சாதாரணம், ஸ்பிரிங்க்ளர் இல்ல. விண்டர்ல மழையே கிடையாதுங்கிறாங்க. அதுக்குள்ள கல்யாணத்துக்குக் கேட்க முடியுமா?

பூவரசு:
கேம்ல பிழை எதுவும் இல்ல. கல்யாணம் பண்ணக்கூடிய 12 பேருக்குமே 8 ஹார்ட்ல ஒரு பூட்டு உண்டு, பொக்கே கொடுத்தாத்தான் 9, 10 திறக்கும். இன்னைக்கு ஃபால் 10 புதன்கிழமை. பாழடைஞ்ச ஊர்ப் பொதுக்கூடத்தை (கம்யூனிட்டி சென்டர்) சரிபண்ணி முடிக்கிற வரைக்கும் புதன்ல பியர் கடை லீவு. நாளைக்கு 9 மணியிலிருந்து 5க்குள்ள போங்க, 200 கோல்ட். முதல்ல தபால்பெட்டியைத் திறங்க. யாரோடயாவது 8 ஹார்ட் ஆனதும் மறுநாள் பியர்கிட்ட இருந்து பொக்கே பத்தி ஒரு கடிதம் வரும். அதுக்கப்புறம்தான் கடையில பொக்கே தெரியும்.

பெண்டன்டுக்கு நாலு விஷயம் ஒண்ணா அமையணும். 10 ஹார்ட், தச்சர் ராபின் பண்ற முதல் வீட்டு அப்கிரேட் (10,000 கோல்ட், 450 கட்டை, 3 நாள்), பீச் பாலம் (300 கட்டை), மழை நாள். அன்னைக்குக் கையில 5,000 கோல்டும் இருக்கணும். பாலத்தைத் தாண்டின பக்கம்தான் மாலுமி நிப்பார். ஃபால் 6ல நீங்க நின்னது இந்தப் பக்கம், அதான் கண்ணுல படல.

வெட்டுக்கிளி:
லியாவோட 10 ஹார்ட் ஈவென்ட் பார்த்தாத்தான் மாலுமி விப்பார். காட்டுல வர்ற அந்த பிக்னிக் சீன். அதை முதல்ல முடிங்க.

பூவரசு:
இல்லைங்க வெட்டுக்கிளி. பெண்டன்டுக்கு ஹார்ட் எண்ணிக்கைதான் கணக்கு, ஈவென்ட் பார்த்தாலும் பார்க்காட்டியும் விப்பார். எது குறையுதுன்னு அவர் பேச்சுலயே தெரிஞ்சிரும். 10 ஹார்ட் இல்லன்னா பெண்டன்ட் பேச்சையே எடுக்க மாட்டார். 10 இருந்து வீடு பழசா இருந்தா வீட்டைப் பத்திச் சொல்லுவார். ரெண்டும் சரின்னா நேரா விலை கேட்பார்.

கம்மாய்க்கரை:
நன்றி. ஆக மொத்தம் 750 கட்டை, 15,000 கோல்டுக்கு மேல. கையில இருக்கறது 6,000. இது நடக்கிற காரியமா? 10 ஹார்ட் ஆக எத்தனை நாள் ஆகும்?

ஏரோட்டி:
நடக்கும். ஆனா ராபின் கடைக்கு எந்த நாள் போறீங்கங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. முதல்ல ஹார்ட் கணக்கு.

ஒரு ஹார்ட் 250 பாயின்ட், அப்ப உங்களுக்கு வேண்டியது 500. தினம் ஒரு தடவை பேசினா 20. ரொம்பப் பிடிச்ச கிஃப்ட் 80, பிடிச்சது 45. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு, வாரத்துக்கு ரெண்டு. வாரம் ஞாயித்துக்கிழமை புதுசா தொடங்கும். நீங்க இந்த வாரத்து ரெண்டையும் தொடாம வச்சிருக்கறது இப்ப கைகொடுக்கும்.

லியாவுக்கு ரொம்பப் பிடிச்சதுல சுலபமா கிடைக்கிறது சாலட். சலூன்ல (மதுவும் சாப்பாடும் விக்கிற கடை) கஸ்ங்கிற கடைக்காரர் 220 கோல்டுக்கு விக்கிறார், மதியம் 12க்குத் திறப்பார். பல மாலைகள்ல லியாவே அங்கதான் இருப்பார், வாங்கின கையோட கொடுத்துரலாம். ஒயினும் கோட் சீஸும் அவருக்கு அதே 80தான். ஆனா ஒயின் செய்யிற கெக்குக்கு (பீப்பாய்) ஃபார்மிங் லெவல் 8 வேணும், ஆட்டுக்குப் பெரிய தொழுவம் வேணும், அந்தப் பக்கம் இப்ப போகாதீங்க. சலூன்ல ஆசைப்பட்டு பீட்சாவோ ரொட்டியோ எடுத்துக் கொடுத்துராதீங்க. ரெண்டும் லியாவுக்கு வெறுப்பு, 40 பாயின்ட் கழியும்.

ஃபால் 11ல பொக்கே கொடுத்துட்டுப் பேச்சும் சாலட்டும் சேர்த்து 100. 12லயும் 100. 13 சனி பேச்சு மட்டும், 220 ஆச்சு. 14 ஞாயிறு புது வாரம், 100. 15லயும் 100, மொத்தம் 420. அதுக்கு மேல இந்த வாரம் கிஃப்ட் வாங்க மாட்டார், தினம் 20 வீதம் 19 அல்லது 20ல 10 ஹார்ட் நிறையும். ஒண்ணு கவனிங்க: பொக்கே கொடுத்த பிறகு பேசாத நாளுக்கு 8 பாயின்ட் கழியும். அதுக்கு முன்னாடி இருந்த 2 பாயின்ட் கழிவு மாதிரி அலட்சியமா விட முடியாது. ஒரு நாள் தப்பினா வரவேண்டிய 20ம் போய், 28 பின்னால நிப்பீங்க.

இனி காசு. 30 கிரான்பெரி, செடிக்கு 2 பழம், பழம் 75 கோல்ட்: ஒரு பறிப்புக்கு 4,500. ஃபால் 1ல நட்டதால 8, 13, 18, 23, 28ல பறிப்பு வரும். பூசணி 13 நாள் பயிர், 14 காலையில தயார். 12 காய், காய்க்கு 320, மொத்தம் 3,840. இதெல்லாம் நட்சத்திரம் இல்லாத விலை. டில்லர்ங்கிற விவசாயத் திறனை எடுத்திருந்தா 10 சதவீதம் கூட வரும்.

14 காலையில பூசணியை ஷிப்பிங் பெட்டியில (பண்ணையில விளைஞ்சதைப் போட்டு விக்கிற பெட்டி) போடாதீங்க, பெட்டிக் காசு மறுநாள்தான் வரும். பியர் கடையில கொடுத்தா அதே விலை, காசு அப்பவே கையில. அப்ப உங்க கணக்கு: 6,000ல பொக்கேயும் ரெண்டு சாலட்டும் போக 5,360, அதோட 4,500, அதோட 3,840, ஆக 13,700. கையோட மலைப்பக்கம் ஏறி 5 மணிக்குள்ள ராபின்கிட்ட வீட்டுக்குச் சொல்லிருங்க. 15 திங்கள் கூடப் பரவாயில்ல. 16 செவ்வாய் ராபின் லீவு, அன்னைக்கே ஊர்த் திருவிழாவும். 14ல சொன்னா 18க்குள்ள வீடு முடிஞ்சிரும். 18 பறிப்புக் காசு வந்ததும் பெண்டன்டோட 5,000ம் தயார்.

கருவாட்டுக்கூடை:
ஏரோட்டி சொன்ன வரிசையை மாத்திப் பாருங்க. பாலத்தை முதல்ல கட்டினா அந்தப் பக்கம் கோரல் 80 கோல்ட், சீ அர்ச்சின் 160 கோல்ட், தினம் நடந்து போய் பொறுக்கலாம். இன்னும் 120 கட்டை சேர்த்தா பாலம் முடிஞ்சுது. சும்மா வர்ற காசை ஏன் விடணும்?

ஏரோட்டி:
சம்மர்ல கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்ப கட்டைதான் தட்டுப்பாடு, காசு இல்ல. 300ஐ பாலத்துல போட்டா 14க்குள்ள மறுபடி 450 சேராது. செவ்வாய் லீவும் தாண்டி வீட்டுக்குச் சொல்றது 17க்குத் தள்ளும், முடிய 20. இடையில ஒரு நாள் பிசகினாலும் ஒரு மழை வீணாகும். பாலம் அப்படி இல்ல. பையில 300 கட்டையோட போய் உடைஞ்ச இடத்தைத் தொட்டா அங்கயே சரியாகும். மழை நாள் காலையில கூட கட்டிக்கலாம். வீட்டுக்கு 3 நாள் காத்திருந்தே ஆகணும், அதனால வீடுதான் முதல்ல.

ஆமா, கட்டை பெட்டியில இருந்தா பாலத்துக்கு எடுத்துக்காது, பையில இருக்கணும்.

கம்மாய்க்கரை:
14க்குள்ள இன்னும் 270 கட்டை. சாதாரணக் கோடரியில முடியுமா? கொல்லர் க்ளின்ட்கிட்ட கொடுத்து செம்புக் கோடரி ஆக்கிரட்டுமா?

பூவரசு:
இப்ப வேண்டாம். 2,000 கோல்ட், 5 செம்புப் பாளம், அதுக்கு மேல ரெண்டு நாள் கையில கோடரியே இருக்காது. உங்களுக்கு இருக்கறதே நாலு நாள்.

முழுசா வளர்ந்த மரத்துல 12 கட்டைக்குக் குறையாது, அடிக்கட்டையையும் எடுத்தா இன்னும் கொஞ்சம். சாதாரணக் கோடரிக்கு மரம் 10 வெட்டு, அடிக்கட்டை 5. வெட்டுக்கு 2 எனர்ஜி, ஆக மரத்துக்கு 30. உங்க முழு எனர்ஜி 270. அதுல 42 செடிக்குத் தண்ணி ஊத்தவே 84 போகும். மிச்சத்துல தினம் 6 மரம். ஃபாரேஜிங் (காட்டுப் பொருள் சேகரிப்புத் திறன்) லெவல் ஏற ஏற வெட்டுக்கான எனர்ஜி கொஞ்சம் குறையும்.

அதோட நிறுத்த வேண்டாம். மலைக்கு மேல ரயில் பாதை ஓரம் ஒரு குளியல் இல்லம் இருக்கு, சம்மர் 3 நிலநடுக்கத்துக்கு அப்புறம் வழி திறந்திருக்கும். தண்ணியில சும்மா நின்னா எனர்ஜி ஏறும், காசு கிடையாது. காலையில தண்ணி ஊத்தி 6 மரம் வெட்டி, குளத்துல நின்னு, திரும்ப 6 மரம். இறங்கி வர்ற நேரத்துக்கு லியா சலூன்ல இருந்தா அந்த வேலையும் முடிஞ்சுது.

குறையறதை ராபின்கிட்டயே வாங்குங்க. முதல் வருஷம் கட்டை 10 கோல்ட்தான், ரெண்டாம் வருஷத்துல இருந்து 50. 13,700ல வீட்டுக்கு 10,000 போனா 3,700 மிச்சம். அடுத்த ரெண்டு சாலட்டுக்கு 440ஐ ஒதுக்கிட்டு 60, 70 கட்டை தாராளமா வாங்கலாம். அதுக்கு மேல வாங்கினாலும் 18 வரைக்கும் பெருசா செலவு இல்ல, பயப்படாதீங்க.

வெட்டுக்கிளி:
பொக்கே பத்தி ஒரு சந்தேகம், இங்கயே கேட்டுக்கிறேன். லியாவுக்குக் கொடுத்துட்டு இன்னொரு வரனான எமிலிக்கும் கொடுத்தா சண்டை வருமா?

பூவரசு:
ரெண்டு பேருக்குக் கொடுக்கறதால எதுவும் ஆகாது. ஒரே பாலைச் சேர்ந்த ஆறு பேரோடயும் பழகி, எல்லாரும் 10 ஹார்ட் ஆகி, அவங்க 10 ஹார்ட் ஈவென்டும் பார்த்து முடிச்சாத்தான் ஆறு பேரும் சேர்ந்து பிடிப்பாங்க. அன்னைக்குப் பையில முயல் கால் இருந்தா தப்பிச்சீங்க, இல்லன்னா ஒரு வாரம் மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் கதை வேற. மத்த வரன்களுக்கு கிஃப்ட் கொடுத்தா வீட்டுல பொறாமை வரலாம். காதலை முறிச்சுக்கணும்னா இன்னொரு பொக்கேயை 1 கரியோட உலையில போட்டு வாடின பொக்கே ஆக்கிக் கொடுக்கணும். 5 ஹார்டுக்கு இறங்கிரும்.

கம்மாய்க்கரை:
ஃபால் 14 மாலை. பொக்கே வாங்கிக்கிட்டார், சாம்பல் ஹார்ட் திறந்துருச்சு. ராபின்கிட்ட 50 கட்டை வாங்கி வீட்டுக்குச் சொல்லியாச்சு. இனி மழைதான். அதை எப்படித் தெரிஞ்சுக்கறது? ஃபால் கடைசி நாள் 28 வரைக்கும் பெய்யலன்னா?

ஏரோட்டி:
தினம் காலையில டிவியில வானிலை பாருங்க, மறுநாளைக்கு மட்டும் சொல்லும். ஃபால்ல ஒரு நாளைக்கு மழை வாய்ப்பு சுமார் 18 சதவீதம். 27 ஸ்பிரிட்ஸ் ஈவ், திருவிழா நாள்ல மழை இருக்காது. 20லிருந்து 28க்குள்ள மிச்சம் 8 நாள். அதுல ஒரு நாளாவது பெய்ய 80 சதவீதம் வாய்ப்பு இருக்கு. இடியோட வர்றதும் மழைக் கணக்குதான். அதனால 300 கட்டையையும் 5,000 கோல்டையும் 19லயே எடுத்து வச்சிருங்க. டிவியில மழைன்னு பார்த்த பிறகு மரம் வெட்ட ஓடினா அன்னைக்கு வேற வேலை எதுவும் ஆகாது.

பெண்டன்டை வாங்கின அன்னைக்கே கொடுக்கணும்னு இல்ல, பையில இருந்தா வெயில் நாள்லயும் கொடுக்கலாம். கொடுத்ததுல இருந்து 3 நாள்ல கல்யாணம்.

கருவாட்டுக்கூடை:
ரெயின் டோட்டம் செஞ்சா மழையை வரவழைக்கலாமே?

ஏரோட்டி:
அதுக்கு ஃபாரேஜிங் 9 வேணும். 1 ஹார்டுவுட், 5 பைன் டார் கிடைச்சிரும். 1 ட்ரஃபிள் ஆயிலுக்குப் பன்றி வேணும், பன்றிக்கு டீலக்ஸ் தொழுவம் வேணும். முதல் வருஷ ஃபால்ல அது ஆகிற கதை இல்ல.

கம்மாய்க்கரை, மழை ஏமாத்தினா பெண்டன்ட் ஸ்பிரிங்குக்குத் தள்ளும், அவ்வளவுதான். 10 ஹார்ட் நிறைஞ்ச பிறகு பேசாட்டியும் பாயின்ட் கழியாது, கல்யாணம் ஆன பிறகுதான் பேசாத நாளுக்கு 20 கழியும். சாலட் செலவையும் அப்ப நிறுத்திரலாம். 28 கிரான்பெரியை அன்னைக்கே பறிச்சிருங்க, மறுநாள் செடி எல்லாம் காஞ்சு கிடக்கும். ஸ்பிரிங் 1ல மழை வராது, அன்னைக்குக் காலையில டிவியைப் போட்டா 2ஆம் தேதிக்கான நிலவரம் தெரியும்.