மறுமொழி: பராபசிஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

(பராபசிஸ்: பழைய கிரேக்க நகைச்சுவை நாடகத்தின் நடுவே, பாடற்குழு கதையை விட்டுவிட்டுப் பார்வையாளர்களோடு நேரடியாகப் பேசும் பகுதி.)

> ‘இடைவிலகல்’ போதுமே. கதையிலிருந்து பாதியில் விலகுவதுதானே?

ஐயா, வேண்டாம். இடைவிலகல் என்றாலே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். கல்வித்துறை அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

பொருளும் பாதிதான் வருகிறது. நடிகர்கள் உள்ளே போனதும், 24 பேர் கொண்ட பாடற்குழு பார்வையாளர் பக்கம் அடியெடுத்து வைக்கிறது. கிரேக்கச் சொல்லின் வேரே அந்த அடியெடுப்புதான். அதன்பின் கவிஞருக்காக ஊரோடு நேருக்கு நேர் பேச்சு. ஏதென்ஸ் நகைச்சுவை நாடகக் கவிஞர் அரிஸ்டோபனிஸின் ‘அக்கார்னியர்’ (கி.மு. 425) நாடகத்தில் ஒரு கிண்டல் வரும்: வெளியூர்த் தூதன் ‘பளபளக்கும் ஏதென்ஸ்’ என்றால் மயங்கிப்போய்க் கேட்டதையெல்லாம் கொடுக்கிறீர்களே, அது எண்ணெயில் மின்னும் நெத்திலிக்குச் சொல்கிற அடைமொழி அல்லவா! இதை யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது சொல்லில் தெரிய வேண்டும்.

> ‘அவையடக்கம்’ ஏற்கெனவே இருக்கிறதே?

அம்மா, நல்ல சொல்தான். ஆனால் இங்கே அடக்கத்தைத் தேடினாலும் கிடைக்காது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை என்று கம்பர் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். அரிஸ்டோபனிஸோ, தம் ‘மேகங்கள்’ கி.மு. 423 நாடகப் போட்டியில் மூன்றாம் இடத்துக்குப் போன கோபத்தில் நாடகத்தையே திருத்தி எழுதி, ‘உங்களை அறிவாளிகள் என்று நம்பியல்லவா கொண்டுவந்தேன்’ என்று பார்வையாளர்களையே சாடுகிறார். ‘அவை’யை மட்டும் வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை: அவைநோக்கு.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘தவளைகள் நாடகத்தின் அவைநோக்கில் குடியுரிமை இழந்தவர்களுக்காகக் குழு வாதாடுகிறது.’ உறுத்தவில்லை. கி.மு. 405-இல், ஸ்பார்டாவோடு நடந்த போருக்கு நடுவே வந்த அரிஸ்டோபனிஸ் நாடகம் அது. முந்தைய ஆண்டுக் கடற்போரில் துடுப்புப் போட்ட அடிமைகளுக்கு உரிமை கொடுத்தீர்கள், சரி, நல்லது. ஒருமுறை தவறிய சொந்த ஊர்க்காரர்களை ஏன் இன்னும் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நல்ல பழைய காசை விட்டுவிட்டு நேற்று அடித்த மட்டச் செம்புக் காசைப் புழங்குகிறோமே, மனிதர்களிடமும் அதையேதான் செய்கிறோம் என்கிறார்கள். இந்தப் பகுதிக்காகவே நாடகம் மீண்டும் மேடையேறியது என்று ஒரு பழைய குறிப்பு உண்டு.

அப்புறம், இதன் உட்பகுதி ஒன்றுக்குப் பெயர் ‘ப்னிகோஸ்’. ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்க வேண்டிய வரிகள். வேர்ப்பொருள் மூச்சுத்திணறல். ‘மூச்சுமுட்டு’ என்று வைத்தால் என்ன?

---

> அவைநோக்கு = அவையின் கருத்து என்று படிக்க மாட்டார்களா? ‘அவைநோக்குரை’ என்றால் குழப்பம் தீரும். இல்லையென்றால் கூத்திலிருந்து ‘கட்டியங்காரன் பேச்சு’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

கட்டியங்காரன் பார்வையாளர்களோடு பேசுகிறவன்தான், ஒப்பிடத் தோன்றும். ஆனால் அவன் தனி ஆள், கூத்து முழுக்கப் பேசுவான். இது குழுவின் வேலை, இடமும் அமைப்பும் வகுத்தது. அந்தப் பெயரை வைத்தால் இரண்டையும் குழப்பிவிடுவோம்.

‘உரை’ சேர்ப்பதில் எனக்கு ஒரு தயக்கம்: நடுவே பாட்டும் வருகிறது. தெய்வத்தை அழைக்கும் பாட்டு, அடுத்துப் பேச்சு, மறுபடி பாட்டு, மறுபடி பேச்சு. உரை என்றால் பாட்டு விழுந்துவிடும்.

குழப்பம் வரும் என்பது உண்மைதான். ஆனால் ‘அரிஸ்டோபனிஸின் செல்வம் (கி.மு. 388) நாடகத்தில் அவைநோக்கு இல்லை’ என்று எழுதினால் யாரும் அவையின் கருத்து என்று படிக்க மாட்டார்கள். பழக்கத்தில் சரியாகிவிடும் என்றே நினைக்கிறேன். இன்னும் நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்.

மூச்சுமுட்டுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிட்டேன்.