டச்சு: ‘இன் ஹெட் பொஸ்’ஸா, ‘ஹெட் பொஸ் இன்’னா? நகர்வைச் சொல்லும் இடச்சொற்களில் குழப்பம்

கேள்வி: வழித்துணை

டச்சில் இடத்தைச் சொல்லும்போது தப்பு வருவதில்லை. நகர்வைச் சொல்லும்போதுதான் சிக்கல். ‘நார்’ என்றால் நம் ‘-க்கு’ என்று எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டால் பாதி தவறாகிறது. சில வாக்கியங்களில் ‘இன்’ (உள்ளே), ‘ஒப்’ (மேலே), ‘ஓவர்’ (குறுக்கே) எல்லாம் பெயருக்குப் பின்னால் வருகின்றன. எப்போது முன்னால், எப்போது பின்னால்? இறந்தகாலத்தில் துணைவினையாக ‘ஹெப்’ வருமா, ‘பென்’ வருமா என்பதும் இதோடு சேர்ந்தே குழப்புகிறது.

(டச்சுச் சொற்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். தொண்டையில் உரசும் ஒலிக்கு ‘ஃக’. மற்றவை தோராயம்.)

பதில் 1: சொல்லுளி

பின்னால் வருவது நமக்குப் பழக்கமான ஒழுங்குதானே! ‘காட்டுக்குள்’ என்று பெயரை முதலில் சொல்லி ‘உள்’ளைப் பின்னால் ஒட்டுகிறோம். எல்லையைத் தாண்டும் நகர்வு என்றால் டச்சும் அப்படியே செய்யும்.

இக் லோப் இன் ஹெட் பொஸ்: காட்டில் நடந்துகொண்டிருக்கிறேன். ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறேன்.
இக் லோப் ஹெட் பொஸ் இன்: வெளியிலிருந்து காட்டுக்குள் நடந்து போகிறேன்.

தமிழில் ‘உள்ளே நடந்தேன்’ என்பது இரண்டுக்கும் பொருந்தும். அதனால் மொழிபெயர்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘கிளம்பும்போது எங்கே இருந்தேன்? வெளியிலா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் சொல் பின்னால் போகும்.

இன்னும் தெளிவான ஜோடி: டெ விங்கல் இஸ் ஒம் டெ ஹூக் என்றால் கடை முனை திரும்பியதும் இருக்கிறது. இக் ஃகா டெ ஹூக் ஒம் என்றால் நான் முனை திரும்புகிறேன்.

இப்படிப் பின்னால் போகக்கூடியவை: இன், அய்ட் (வெளியே), ஒப், அஃப் (கீழே), ஓவர், டோர் (ஊடாக), லாங்ஸ் (ஓரமாக), ஒம் (சுற்றி), பின்னன் (உள்ளே). இதில் ‘அஃப்’ கொஞ்சம் தனி ஆள். படியில் ஏறுவது டெ ட்ரப் ஒப், இறங்குவது டெ ட்ரப் அஃப். ‘அஃப் டெ ட்ரப்’ என்று முன்னால் போட்டால் தவறு. ‘நார்’, ‘டொட்’ (வரை), ‘வன்’ (இருந்து) மூன்றும் ஒருபோதும் தனியாகப் பின்னால் போகாது.

பதில் 2: இரட்டைக்கிளவி

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். முன்னால் வந்தால் எப்போதும் இடம் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். குதிப்பது, விழுவது, வைப்பது போன்ற வினைகளில் முன்னால் இருந்தாலும் நகர்வைக் குறிக்கலாம். இக் லெஃக் ஹெட் பூக் ஒப் டாஃபல்: புத்தகத்தை மேசைமேல் வைக்கிறேன். இங்கே ‘ஒப்’பைப் பின்னால் தள்ளத் தேவையில்லை.

அப்படியானால் வேறுபாட்டை எது காட்டும்? துணைவினை.

ஹெய் இஸ் இன் ஹெட் வாட்டர் ஃகெஸ்ப்ரொங்ஙன்: கரையிலிருந்து தண்ணீரில் குதித்தான்.
ஹெய் ஹேஃப்ட் இன் ஹெட் வாட்டர் ஃகெஸ்ப்ரொங்ஙன்: தண்ணீருக்குள் இருந்தபடியே குதித்துக்கொண்டிருந்தான்.

நடப்பது, சைக்கிள் ஓட்டுவது, வண்டி ஓட்டுவது, நீந்துவது, பறப்பது எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. சேருமிடம் சொன்னால் ‘பென்/இஸ்’, செயலை மட்டும் சொன்னால் ‘ஹெப்/ஹேஃப்ட்’. ‘இக் ஹெப் ட்வே யூர் ஃகெஃபீட்ஸ்ட்’ என்றால் இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டினேன். ‘இக் பென் நார் யூட்ரெக்ட் ஃகெஃபீட்ஸ்ட்’ என்றால் யூட்ரெக்டுக்கு சைக்கிளில் போனேன். ‘ஃகான்’ (போ), ‘கொமன்’ (வா) இரண்டுக்கும் எப்போதும் ‘பென்’தான், யோசிக்கவே வேண்டாம்.

எழுதும்போது ஒன்று: ‘ஹெட் பொஸ் இன் ஃகெலோப்பன்’ (காட்டுக்குள் நடந்து போன) என்பதில் ‘இன்’னுக்குப் பிறகு இடைவெளி விடுங்கள். சேர்த்து எழுதும் ‘இன்லோப்பன்’ தனி வினை. புதுச் செருப்பைப் போட்டு நடந்து பழக்குவதற்கு அதைத்தான் சொல்வார்கள்.

பதில் 3: நாரும்பூவும்

‘-க்கு’ பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ‘-க்கு’ இரண்டு வேலை செய்கிறது. ஊருக்குப் போவதும் ‘-க்கு’, அன்னாவுக்குக் கொடுப்பதும் ‘-க்கு’. டச்சில் போவதற்கு ‘நார்’, கொடுப்பதற்கு ‘ஆன்’. ‘இக் ஃகேஃப் ஹெட் பூக் நார் அன்னா’ என்று எழுதுவது இந்தக் குழப்பத்தால்தான். ‘ஆன் அன்னா’ என்று மாற்றுங்கள். கடிதம் அனுப்புவதற்கு மட்டும் இரண்டும் செல்லும்.

ஆளிடம் போவதற்கு நாம் ‘-இடம்’ என்கிறோம், உடனே ‘பெய்’ வாயில் வந்துவிடும். போவதென்றால் ‘நார் டெ டொக்டர்’, அங்கே இருப்பதென்றால்தான் ‘பெய் டெ டொக்டர்’. ‘இக் ஃகா பெய் ஓமா ஏட்டன்’ (பாட்டி வீட்டில் சாப்பிடப் போகிறேன்) சரிதானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அங்கே ‘பெய்’ சாப்பிடுவதோடு சேர்ந்தது, போவதோடு அல்ல.

வீட்டுக்கு ‘நார் ஹய்ஸ்’, வீட்டில் ‘டய்ஸ்’. இரண்டிலும், பெயருக்கு முன் வரும் சுட்டுச்சொல்லான ‘ஹெட்’ கிடையாது. உள்ளே, வெளியே, மேலே, கீழே போவதற்கும் முன்னால் ‘நார்’ வேண்டும்: நார் பின்னன், நார் பய்ட்டன், நார் போவன், நார் பெனேடன். ‘நார்’ இல்லாவிட்டால் அங்கே இருப்பதாக அர்த்தம்.

கேள்வி கேட்கும்போது ‘நார்’ உருமாறிக் கடைசிக்குப் போகும்: வார் ஃகா யெ நார்டூ (எங்கே போகிறாய்)? அல்லது, வார் ஃகா யெ ஹேன்? எங்கிருந்து என்றால்: வார் கொம் யெ வன்டான்? ‘எங்கிருந்து வந்தான்’ என்று நினைவில் வைத்தால் மறக்காது, ஒலி அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வழித்துணை

மிக்க நன்றி. ஒரு வழியை எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

லோப் ஹெட் ஸ்டாஸியொன் அய்ட், ஸ்டேக் ஓவர் ஹெட் ப்ளெய்ன், ஃகா பெய் ஹெட் ஸ்டொப்லிஃக்ட் லிங்க்ஸ்அஃப், லோப் ஒண்டர் டெ ப்ருஃக் என் டன் ரெஃக்ட்டோர் டொட் ஆன் டெ கெர்க். (ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்து, சதுக்கத்தைக் கடந்து, சிக்னலில் இடப்பக்கம் திரும்பி, பாலத்தின் அடியில் நடந்து, பிறகு நேராகத் தேவாலயம் வரை என்று சொல்ல நினைத்தேன்.)

பதில் 4: சொல்லுளி

இரண்டு இடம் மட்டும். ‘ஓவர்ஸ்டேக்கன்’ (கடப்பது) பிரியும் வினை, ‘ஓவர்’ தனியாகப் பிரிந்து கடைசிக்குப் போகும், அதனால் ‘ஸ்டேக் ஹெட் ப்ளெய்ன் ஓவர்’. ‘ஒண்டர் டெ ப்ருஃக்’ என்று நிறுத்தினால் பாலத்தடியிலேயே நடக்கச் சொல்கிறீர்கள். அடியில் புகுந்து மறுபக்கம் போக ‘ஒண்டர் டெ ப்ருஃக் டோர்’.

இப்படி இருபுறமும் அணைத்துக்கொள்ளும் ஜோடிகள் இன்னும் உண்டு: ஒம் டெ கெர்க் ஹேன் (தேவாலயத்தைச் சுற்றி), அஃக்டர் டெ பஸ் ஆன் (பஸ்ஸுக்குப் பின்னாலேயே துரத்தி), வன் டெ ட்ரப் அஃப் (படியிலிருந்து கீழே). பெரும்பாலும் முன் சொல் இடத்தையும் பின் சொல் நகர்வையும் சொல்லும். தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ஜோடியாகவே எழுதிப் பழகுங்கள். ‘நார் டெ ப்ருஃக் டூ’வில் (பாலத்தை நோக்கி) ‘டூ’ விருப்பம்தான், விட்டாலும் பொருள் மாறாது.