மின்வலிப்புச் சிகிச்சைக் கருவி: அபாய வகுப்பைக் குறைத்தது சரியா?

வைகறை:
மயக்க நிலையில் மூளைக்குள் மின்சாரம் பாய்ச்சி, சிறு வலிப்பை வரவழைத்து மனநோயைக் குணப்படுத்த முயல்வதுதான் மின்வலிப்புச் சிகிச்சை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் அதற்கான கருவியை அதிக அபாயமுள்ள மூன்றாம் வகுப்பிலிருந்து நடுத்தர அபாயமுள்ள இரண்டாம் வகுப்புக்கு இறக்கியது. கட்டடோனியாவுக்கும் (அசையாமல், பேசாமல் உறைந்துபோகும் நிலை) கடும் மனச்சோர்வுக்கும் மட்டும், அதுவும் 13 வயது நிரம்பியவர்களுக்கு. மூன்றாம் வகுப்பிலேயே இருந்திருந்தால், தயாரிப்பாளர்கள் பாதுகாப்பையும் பலனையும் நிரூபித்துத்தான் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். தேர்வே எழுதாதவருக்குத் தேர்ச்சி போட்டுவிட்டார்கள்.

என் அம்மாவுக்கு ஒன்பது முறை கொடுத்தார்கள். மனச்சோர்வு விலகியது, அதை மறுக்கவில்லை. ஆனால் தங்கையின் திருமண ஆல்பத்தைப் புரட்டி, "நான் போயிருந்தேனா?" என்று கேட்டார். அந்தப் படத்தில் மணமகளின் தோளில் கை வைத்து நிற்பவரே அவர்தான்.

மருதம்:
வருத்தமாக இருக்கிறது. நான் இந்தச் சிகிச்சை அறையில் பணிபுரியும் செவிலி. கருவி முதலில் மின்தடையை அளக்கும். தலையில் மின்சாரம் பாய்ச்சும் மின்முனை சரியாகப் பதியவில்லை என்றால் பொத்தானை அழுத்தமாட்டோம். தசைத் தளர்வு மருந்து ஏறுமுன் ஒரு கணுக்காலில் பட்டை கட்டி இறுக்கிவிடுவோம், மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாது. உடல் அசையாமல் கிடக்க, அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். அதைப் பார்த்துத்தான் வலிப்பின் நேரத்தைக் கணக்கிடுகிறோம். மரணம் லட்சம் சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய 2. 1938-இல் ரோமில் இதை முதன்முதலில் செய்த மருத்துவர்கள் செர்லெட்டியும் பினியும் மயக்க மருந்தில்லாமல் செய்ததோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள்.

வைகறை:
மரணத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. நினைவைப் பற்றிக் கேட்டேன்.

கல்வெட்டு:
நினைவிழப்புக்குக் கருவியும் காரணம். மின்சாரத்தைத் தொடர் அலையாகப் பாய்ச்சும் பழைய சைன் அலைக் கருவிகளும், இரண்டு நெற்றிப்பொட்டிலும் மின்முனை வைப்பதும்தான் நினைவை அதிகம் பாதிக்கின்றன. விட்டுவிட்டுச் சிறு துடிப்புகளாகப் பாயும் குறுந்துடிப்பு மின்சாரமும், மின்முனையை வலப்பக்கம் மட்டும் வைப்பதும் அதைக் குறைக்கின்றன. இரண்டையும் ஒரே வகுப்பில் அடைத்துப் பேசுவதே தவறு. பலனையும் சொல்லிவிடுகிறேன்: 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, மின்சாரம் பாய்ச்சாத போலிச் சிகிச்சையைவிட உண்மைச் சிகிச்சை மேல் என்றது. ஆனால் அதற்கு ஆதாரம் 6 சோதனைகள், 256 நோயாளிகள்.

வைகறை:
எல்லாம் பழைய சோதனைகள். அம்மாவுக்கு எந்த வகை மின்துடிப்பு கொடுத்தார்கள் என்று இன்றுவரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

மருதம்:
தண்ணீர்கூட இறங்காமல், கண் இமைக்காமல் கிடக்கும் கட்டடோனியா நோயாளியிடம் போலிச் சிகிச்சை செய்து பார்க்கச் சொல்கிறீர்களா? மூன்றாவது முறைக்குப் பிறகு கஞ்சி கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

கல்வெட்டு:
அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 2001-இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குப் பின் போலி மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 84 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது. நார்ட்ரிப்டிலின், லித்தியம் ஆகிய மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் அது 39 சதவீதம். கருவியை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

வைகறை:
மருதம், அதே 2018 ஆணை, நீண்டகாலப் பாதுகாப்பும் பலனும் நிரூபிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையைக் கருவியின் குறிப்பேட்டில் அச்சிடச் சொல்கிறது. உங்கள் ஒப்புதல் படிவத்தில் அது இருக்கிறதா?

மருதம்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இல்லை. "தற்காலிக மறதி ஏற்படலாம்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. நாளை காலை தலைமை மருத்துவரிடம் இதைக் காட்டுகிறேன்.