தாமஸ் ரயிலின் பனிக் காட்சிகள்: பொம்மை ரயில் காலமா, கணினிக் காலமா?

கரிவண்டி:
குழந்தைகள் தொடர்களில் பனி நாளை, முகம் வைத்த பேசும் ரயில் இன்ஜின்களின் கதையான ‘தாமஸ் தி டேங்க் என்ஜின்’ அளவுக்கு யாரும் காட்டவில்லை. அதிலும் சின்ன மாடல் ரயில்களை ஓட்டிப் படமெடுத்த பழைய பொம்மை ரயில் காலத்துக்குப் பக்கத்தில் கணினியில் செய்த புதுப் பகுதிகள் நிற்கவே முடியாது என்பது என் கட்சி. 1984-இல் வந்த முதல் சீசனில் தாமஸ், டெரன்ஸ், பனி என்று ஒரு பகுதி உண்டு. பனியை ஒதுக்க முன்னால் மாட்டிய இரும்புக் கலப்பை கனமாக இருக்கிறதென்று தாமஸ் அதை இடித்து இடித்தே கெடுத்துவிடும். மறுநாள் கலப்பை இல்லாமல் கிளம்பிப்போய், சுரங்கத்தைத் தாண்டியதும் பனிக் குவியலில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். அந்த நிற்பைப் பாருங்கள். நிஜமான ஒரு எடை, நிஜமான ஒரு குவியலில் மாட்டியிருக்கிறது.

நீலவானம்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். சின்ன வயதில் பார்த்த எதுவும் நமக்கு நன்றாகத்தான் தெரியும். அதைக் கழித்துவிட்டுப் பேசுவோம். பழையதில் இன்ஜின்களின் வாய் அசையாது. ஒரு முகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார்கள், கண் மட்டும் உருளும். பனி தரையில் பரப்பிய பொடிபோலவே கிடக்கும். 2008-இல் முகங்களும், அடுத்த சீசனில் எல்லாமுமே கணினிக்கு மாறின. அப்புறம்தான் சக்கரம் பட்டுப் பனி தெறிப்பதை ஒழுங்காகப் பார்த்தோம். என் பையன் அந்தக் காட்சிகளை மூச்சுவிடாமல் பார்க்கிறான். அவனுக்கு எந்தப் பழைய ஞாபகமும் கிடையாது.

மினியேச்சர்:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன மாடல் வைத்துப் படமெடுப்பவர்களுக்குத் தண்ணீர், புகை, பனி மூன்றும் தலைவலி. வண்டியைச் சின்னதாகச் செய்யலாம், பனியின் மணியை அதே அளவில் சின்னதாக்க முடியாது. அதனால் பொடி பொடியாகத் தெரிவதில் நீலவானம் சொல்வது நியாயம். ஆனால் விளக்கு அதன் மேல் விழும் விதம் வேறு. குவியலுக்குக் கீழே நிழல் தானாகவே விழும், யாரும் கணக்குப்போட்டு வைக்க வேண்டியதில்லை. தாமஸ் விளிம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துணுக்கு சீராக இருக்காது, அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். கண் அதை நம்புகிறது.

நீலவானம்:
கண் நம்புவது பெரியவர்களுக்கு. குழந்தைக்கு வேண்டியது அசைவு.

இரட்டைத்தண்டவாளம்:
அசைவும் இல்லை, நிழலும் இல்லை. கதையைப் பாருங்கள். அது, தாமஸை உருவாக்கிய எழுத்தாளர் டபிள்யூ. ஆட்ரியின் 1949-ஆம் வருடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பனிக்கு முன்னால், வயலை உழுதுகொண்டிருந்த டெரன்ஸ் டிராக்டரின் சக்கரம் அசிங்கமாக இருக்கிறது என்று தாமஸ் கேலி செய்யும். டெரன்ஸ் நம் ஊர்க்காரர்கள் சொல்லும் செயின் வண்டி. எங்கு வேண்டுமானாலும் போவேன், எனக்குத் தண்டவாளம் வேண்டாம் என்று பதில் சொல்லும். கடைசியில் அந்தச் செயின்தான் முதலில் காலிப் பெட்டிகளை இழுத்துவிட்டு, அப்புறம் தாமஸை இழுக்கிறது. சக்கரத்தைச் சுற்றிப் பனியை அகற்றிய பிறகும் தாமஸ் வெறுமனே சுழல்கிறது பாருங்கள், இரும்புச் சக்கரத்துக்கு வழுக்கும் தண்டவாளத்தில் பிடிப்பு கிடையாது என்பது அங்கேயே குழந்தைக்குப் புரிந்துவிடும். பனி அங்கே அலங்காரமே இல்லை.

கரிவண்டி:
நான் எடை என்று சொன்னதே இதைத்தான். அதே சீசனின் கிறிஸ்துமஸ் பகுதியிலும் அப்படித்தான். முன்பு படுக்கையிலிருந்தபடி சிவப்பு அங்கியை ஆட்டி, மண்சரிவிலிருந்து தாமஸைக் காப்பாற்றிய கிண்ட்லி அம்மாவின் வீட்டைப் பனி மூடிவிடும். தாமஸும் இன்னொரு இன்ஜினான டோபியும் டெரன்ஸும் அங்கே போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நீலவானம்:
சரி, ஆனால் இரட்டைத்தண்டவாளம் சொன்னது என் பக்கத்துக்குத்தானே பலம்? கதை ஆட்ரியுடையது, பொம்மை ரயிலுடையது இல்லை. அதே கதையைக் கணினியில் எடுத்தால் சக்கரம் சுழல்வது இன்னும் துல்லியமாகத் தெரியும். பழைய மாடலில் அது சுழல்வதைக் கதை சொல்பவர் குரலில்தான் பாதி தெரிந்துகொண்டோம்.

மினியேச்சர்:
அந்தக் குரல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். முதல் இரண்டு சீசனும் அவர்தான். ஒரே ஆள் எல்லாப் பாத்திரத்துக்கும் பேசியதால் படம் நிதானமாக நகர்ந்தது. ஒரு குவியலை அவ்வளவு நேரம் பார்க்கவிட்டது அந்த நிதானம்தான். முழுக்கக் கணினிக்கு மாறியதும் ஆளுக்கொரு குரல், பேச்சுக்குப் பேச்சு வெட்டு.

நீலவானம்:
நிதானம் வேகம் பற்றிய விஷயம், பனி பற்றியது இல்லை. அந்தச் சுரங்கக் காட்சியை இன்றிரவு பையனுக்குப் போட்டுக்காட்டுகிறேன். அவன் எழுந்து போய்விட்டால் இங்கே வந்து சொல்வேன், உட்கார்ந்து பார்த்தாலும் சொல்வேன்.